ஒருவரையும் விடக்கூடாது

மே 11

தம்பிக்கு,

போனிலேயே பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். பேசினால் நான் கத்துவேன், உனக்கு நாக்குத் திக்கும், நீ போனை வைத்துவிடுவாய். சண்டை என்றால் எழுதித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா நமக்குப் போட்ட சட்டம், அம்மா போன பிறகும் அமலில் இருக்கிறது. அப்போது கதவுக்கு அடியில் தள்ளினோம். இப்போது நீ எட்டு வாரப் பயிற்சி என்று எங்கேயோ போய் உட்கார்ந்திருப்பதால் தபால்தலை ஒட்டுகிறேன்.

விசிலார் போகிறாராம். தலைநகர் அணிக்கு.

எனக்கு எப்படித் தெரிந்தது கேள். டிப்போவில் மறுநாளைக்கு டிரைவர்களுக்கு டியூட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மேடம், உங்க கோச் கிளம்பிட்டாரு, தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் என் கை எழுதியது எனக்கே தெரியவில்லை. பதினான்காம் நம்பர் பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள், இருபத்திரண்டாம் நம்பருக்கு ஒருவரும் இல்லை. காலையில் இருபத்திரண்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் டிப்போவுக்குப் போன் போட்டு என்னைத் திட்டினார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தப்பு. விசிலார் கணக்கில் எழுதிக்கொள்.

ஏழு வருஷம், தம்பி. மூன்றாம் டிவிஷனில் சீந்துவாரில்லாமல் கிடந்த நம் கால்பந்து அணியை மேலே கொண்டுவந்த மனிதர். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசிலடித்தால் நம் ஆட்கள் மட்டுமா, எதிரணிக்காரனும் ஒரு நொடி நிற்பான். போன மாதம் மைதானத்தின் நடுவில் மைக்கைப் பிடித்து, "இதுதான் என் வீடு" என்றார். நான் அழுதேன். பக்கத்து இருக்கைக் கண்ணாடிக் கடைக்காரர் தன் கர்ச்சீப்பைக் கொடுத்தார். அந்தக் கர்ச்சீப்பை இன்னும் துவைத்துக்கூடக் கொடுக்கவில்லை, அதற்குள் வீட்டைக் காலி செய்கிறார்.

கண்ணாடிக் கடைக்காரரோ அவர் பக்கம் பேசுகிறார். "பெரிய எடத்துல கூப்பிட்டா நீங்க போக மாட்டீங்களா?" என்று கேட்டார். "நான் இந்த டிப்போவை விட்டு எங்க போனேன்?" என்றேன். "உங்களை எந்த டிப்போ கூப்பிட்டுச்சு?" என்கிறார். இந்த மாதிரி ஆள் பக்கத்தில் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தானிடம் வந்து புலம்பினால், "கோச் போனா என்ன, பந்து இங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ரசிகர் சங்கச் செயலாளர் என்கிற முறையில் நான் சும்மா இருக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். இன்னொன்று. நீ கிளப்புக்குள்ளேயே வேலை செய்கிறவன். உனக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றால் எழுது. தெரியும் என்றால் எழுதவே எழுதாதே.

அக்கா

*

மே 16

அக்காவுக்கு,

தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. எழுதாதே என்றாய், ஆனால் எழுதாமல் இருந்தால் அதற்கும் திட்டுவாய்.

நீ கோபப்படுவது புரிகிறது. ஆனால் கொஞ்சம் அவர் இடத்திலிருந்து பார். விளக்கு போட்ட ஒரு பயிற்சி மைதானம் வேண்டும் என்று நான்கு வருஷமாகக் கேட்டார். ஆகட்டும் ஆகட்டும் என்றே ஓட்டினார்கள். போன சீசனில் நம் முன்கள ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை வேறு அணிக்குக் கொடுத்தார்களே, அது அவருக்கே பேப்பர் பார்த்துத்தான் தெரியும். உனக்கு டிரைவர் ஜன்னலில் வந்து சொன்ன மாதிரிதான் அவருக்கும் நடந்தது. மைக்கில் வீடு என்று சொன்னது பொய்யில்லை. அந்த வீடியோவை நான்தான் எடுத்தேன், தேதி பார்த்தேன். அவரைத் தலைநகரில் கூப்பிட்டது அதற்கு ஒன்பது நாள் கழித்து.

என்னைப் பற்றியும் யோசித்துப் பார். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "எல்லாரும் மேடையைப் பாக்கும்போது நீ கூட்டத்தைப் பாத்திருக்கே. யாரு எப்ப எங்க திரும்புறாங்கன்னு உனக்குத் தெரியுது. எனக்கு அதுதான் வேணும்" என்றார். ஸ்டாண்டுக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்தார். அந்த அறையில்தான் அக்கா எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை பிடித்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய். தனியாக எழுதுகிறேன்.

தம்பி

*

மே 21

தம்பிக்கு,

வக்கீல் வைத்தால்கூட இவ்வளவு நன்றாக வாதாட மாட்டார். விளக்கு போடவில்லையாம், அதனால் போகிறாராம். எங்கள் டிப்போவில் கழிப்பறைக்கு ஆறு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை. நான் போய்விட்டேனா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுச் சந்தோஷப்படு. விசிலார் போவதைத் தடுக்க முடியாது, அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி ஆட்கள் தனியாகப் போவதில்லை. உதவிக்கு இருக்கிற எல்லோரையும் துடைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஆகவே ஒரு மனு எழுதினேன். ஒரே ஒரு கோரிக்கை: ஒப்பந்தம் பாக்கி இருக்கும் ஊழியர்களில் ஒருவரையும் விடக்கூடாது. கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுப்பவர், ஓட்டப் பயிற்சிக்காரர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் வரைக்கும் ஒருவரையும். எட்டு நாள் மைதான வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. கண்ணாடிக் கடைக்காரரே கடைசியில் முனகிக்கொண்டு போட்டார்.

முதல் கையெழுத்து என்னுடையது. சங்கத்து உறுப்பினர் வரிசைப்படி வாங்கினேன், உன் எண் ஆறு. உன் இடம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். உன் ஸ்கூல் ரிப்போர்ட்டிலிருந்து போட்டுப் பழகிய கைதானே, அச்சாக வந்தது.

கிளப் நிர்வாகி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உங்களை மாதிரி ரசிகர்கள் இருக்கும்போது எங்களுக்கு என்னம்மா கவலை" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டது. ஒருவரையும் விடப் போவதில்லையாம். நம் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து நாம் கேட்டு அவர்கள் செய்த முதல் காரியம் இதுதான்.

உன் இன்னொரு விஷயம் என்ன? சீக்கிரம் எழுது. இழுக்காதே.

அக்கா

*

மே 22

அக்காவுக்கு,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துவிட்டேன். அறையில் கூடத் தங்கியிருப்பவர், "லவ் லெட்டரா?" என்கிறார். அக்காவுக்கு என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

விசிலார் என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறார். அங்கே எதிரணிகளை ஆராய்கிற பிரிவில் வேலை. ஆறு பேர் கொண்ட குழு. "நீ வந்தா எனக்கு ஒரு கண்ணு கூட வந்த மாதிரி" என்றார். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் சொன்ன முதல் சரி இது. அதனால்தான் இதை உனக்கு எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

எனக்கு இங்கே இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் இருக்கிறது. கிளப் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால் போதும். நிர்வாகி நல்லவர், கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன். ஜூன் பதினைந்துக்குள் அங்கே காட்ட வேண்டும். அதற்கு மேல் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

திட்டு. ஆனால் திட்டி முடித்த பிறகு, நல்லது என்று ஒரு வரி எழுது.

தம்பி

*

மே 27

அக்காவுக்கு,

உன் 21ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. விடுவிப்புக் கடிதம் கேட்டு எழுதியிருந்தேன், நிர்வாகியின் போன் இன்று காலையில் வந்தது.

"ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு நாலாயிரம் பேர் கேட்டிருக்காங்க. அதுல ஆறாவது கையெழுத்து உங்களோடது தம்பி. நீங்களே விடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, நீங்களே விடுங்கன்னா நான் என்ன பண்ண?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதல் எழுத்தே வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் அந்தப் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அச்சாகத்தான் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 1

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் பின்னால் எழுதியதை முதலில் பிரித்துவிட்டேன். ஒன்றும் புரியாமல் உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் வரிசையாகப் படித்துவிட்டு, "நீ கோல் போட்டுட்டே. ஆனா நம்ம கோல்ல" என்றார். ஆயுசில் கால்பந்தைப் பற்றி அவர் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.

எனக்கு எப்படித் தெரியும், சொல். மூன்று வாரம் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுவில் ஒரு வரி மாற்றியிருப்பேன். ஊழியர்கள் என்று எழுதும்போது என் கண்ணில் கோல்கீப்பர் பயிற்சியாளர் இருந்தார், ஓட்டப் பயிற்சிக்காரர் இருந்தார், அவருடைய உதவியாளர் இருந்தார். நீ இல்லை. மோட்டார் ரூமில் உட்கார்ந்து வீடியோ வெட்டுகிறவனை எவன் வந்து கூப்பிடப் போகிறான் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருந்தது.

இப்போது என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? நான் போய் மனுவைத் திரும்ப வாங்கினால் நீ மட்டுமா போவாய்? மற்ற மூன்று பேரும் கதவு திறந்ததென்று கிளம்பிவிடுவார்கள். அடுத்த சீசனில் நம் கோல்கீப்பருக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லித்தர ஆள் இருக்காது. எட்டு நாள் வெயிலில் உட்கார்ந்து நாலாயிரம் பேரிடம் வாங்கிய வாக்கு. அதைத் தம்பிக்காக என்று நான் எந்த முகத்தோடு மாற்றுவேன்?

இரண்டே வருஷம்தானே. இரு. புதுக் கோச் வருவார், அவருக்கும் வீடியோ வேண்டும். விசிலாருக்கு நீ நிஜமாகவே வேண்டுமென்றால் இரண்டு வருஷம் கழித்தும் கூப்பிடட்டும்.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

கூப்பிட மாட்டார்கள். உனக்கும் தெரியும்.

நீ உண்மையை எழுதியதற்கு நன்றி. நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், இப்போது சந்தேகம் இல்லை. என்னை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நீ நினைத்தாய். அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து எனக்காக எல்லா இடத்திலும் பேசியது நீ. ஆசிரியரிடம், டாக்டரிடம், வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் நான் பக்கத்தில் நின்றேன், நீ பேசினாய். அதற்கு நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. பயிற்சியின் முதல் நாள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், அது நீ எனக்காகப் போடுகிற கையெழுத்து. முதல் எழுத்தின் சுழி, கடைசியில் அந்தக் கோடு எல்லாம் உன்னுடையது. எனக்கென்று ஒரு கையெழுத்து வந்ததே இல்லை.

விசிலார் என்னிடம் வந்தபோது நீ பக்கத்தில் இல்லை. எனக்குத் திக்கியது. அவர் காத்துக்கொண்டு நின்றார். நடுவில் புகுந்து என் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்காகவே அவர் பின்னால் எந்த ஊருக்கும் போவேன் என்று தோன்றியது. அவர் ஊரை ஏமாற்றினார் என்று நீ சொல்கிறாய். இருக்கலாம். என்னை ஏமாற்றவில்லை.

நம் அணி எனக்கும் அணிதான். உறுப்பினர் எண் ஆறு. கோல்கீப்பர் பயிற்சியாளர் போனால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர்களையும் பிடித்து வைக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை.

இனி நான் எழுத ஒன்றும் இல்லை. பதினைந்தாம் தேதி தாண்டினால் தாண்டியதுதான். வந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொள்கிறேன். உன்னோடு பேசுவேனா என்று கேட்காதே, தெரியவில்லை.

தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

இதோடு விடுவிப்புக் கடிதம் இருக்கிறது. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். தபாலை நம்பாமல் உன் ஊர்ப் பக்கம் போகும் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் டியூட்டியை நான்தான் மாற்றிப் போட்டேன், அதற்கும் ஒரு நாள் மாட்டுவேன்.

நடந்தது இதுதான். புதன்கிழமை நிர்வாகியிடம் போய், "ஆறாம் நம்பர் கையெழுத்து என் தம்பி போட்டது இல்ல, நான் போட்டேன்" என்றேன். மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு பொய்னா மத்ததை நான் எப்படிம்மா நம்புறது?" என்றார். எல்லாம் நிஜம், வீடு வீடாக வந்து விசாரியுங்கள் என்றேன். "அதெல்லாம் ஆகாது. இருந்தா முழுசா இருக்கட்டும், இல்லேன்னா முழுசா வாபஸ் வாங்குங்க. செயலாளர்னு எழுதிக் குடுங்க" என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

அந்தத் தாளை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவர் ஒரு டீ குடித்து முடித்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் போவார், ஓட்டப் பயிற்சிக்காரர் போவார், அடுத்த சீசன் நாறும். எல்லாம் தெரிந்துதான் எழுதிக்கொடுத்தேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்காமல்.

அப்புறம் கண்ணாடிக் கடை மாடியில் சங்கக் கூட்டத்தைக் கூட்டி நானே சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. முப்பது பேர் இருந்தார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை, புரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கடைசியில் எழுந்து, "கோச்சைத் துரோகின்னு சொல்லி எங்கிட்ட கையெழுத்து வாங்குனீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். செயலாளர் பதவியிலிருந்து கை தூக்கி எடுத்துவிட்டார்கள். சங்கப் பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நல்லது என்று ஒரு வரி கேட்டிருந்தாய். என்னால் இப்போது எழுத முடியாது. எரிச்சல் அடங்கவில்லை. உன் மேல், அந்த விசில் மேல், எல்லாவற்றையும்விட என் மேல். விசிலார் போனதற்கு நான் இவ்வளவு குதித்திருக்க வேண்டாம். நீ போவாயோ என்று எனக்குள்ளே எங்கேயோ பயம் இருந்திருக்கிறது, அதைத்தான் மேசை போட்டு ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. போ.

அக்கா

*

ஜூலை 4

அக்காவுக்கு,

சாமான் எடுக்க நான் வந்த இரண்டு நாளும் நீ காலையில் ஒரு டியூட்டி, மாலையில் ஒரு டியூட்டி என்று டிப்போவிலேயே இருந்தாய். சார்ட் போடுவதே நீதான் என்பது எனக்குத் தெரியாதா? அத்தான்தான் பெட்டி கட்டிக் கொடுத்தார். "உங்க அக்கா உன் போர்வையை மூணு தடவை மடிச்சு வச்சா, எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துவந்துவிட்டேன்.

இங்கே அறை பெரியது. ஜன்னல் இல்லை, ஆனால் மோட்டார் சத்தமும் இல்லை. முதல் வாரம் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை. ஆறு பேரில் ஒருவர் கார்னர் உதை மட்டும் பார்க்கிறார், காலையிலிருந்து மாலை வரை கார்னர். நான் ஆட்டக்காரர்களின் தலையைப் பார்க்கிறேன், பந்து வருவதற்கு முன் யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று. விசிலார் ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம்தான் கண்ணில் படுகிறார். அவரும் இங்கே கொஞ்சம் திணறுகிறார். மைதானம் பெரிது, விசில் மறுமுனை வரை கேட்பதில்லை. இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்றே எழுதுகிறேன்.

ஒரு வரி பதில் போடு.

தம்பி

*

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

சந்தோஷப்பட்டேன்.

புதுக் கோச் வந்தாயிற்று. கையில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே இருக்கிறார், தலையைத் தூக்குவதில்லை. ஐந்து ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தோம். கோல்கீப்பர் பந்தைப் பார்த்தால் பந்துதான் பயப்பட வேண்டும், இங்கே அவன் பயப்படுகிறான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக் கடைக்காரர் என் பக்கத்து இருக்கையில்தான் இன்னும் உட்காருகிறார். பேசுவதில்லை. இடையில் தன் பையை வைத்துக்கொள்கிறார்.

போர்வையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 20

அக்காவுக்கு,

உன்னிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நவம்பர் எட்டாம் தேதி எங்கள் அணி உங்கள் மைதானத்துக்கு வருகிறது. எங்கள், உங்கள் என்று எழுதும்போதே பேனா நிற்கிறது. நம் அணியைப் பற்றிய அறிக்கையை என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குத்தானே நன்றாகத் தெரியும் என்று. நான் தனியாக எழுதும் முதல் அறிக்கை. இது சரியாக வந்தால் குழுவில் நிலையாக இருப்பேன். இல்லையென்றால் சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஏற்கனவே ஒருவரை அனுப்பிவிட்டார்கள்.

பத்து ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். நம் புது லெஃப்ட் பேக், அதுதான் இடது பக்கத்தைக் காக்கிற பையன், பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதெல்லாம் பெஞ்சில் இருக்கும் கோச்சைத் திரும்பிப் பார்க்கிறான். பாவம், சின்ன வயசு, தப்புச் செய்துவிடுவோமோ என்ற பயம். ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸே போகலாம். இதை வேறு எந்த அணியும் இன்னும் கவனிக்கவில்லை. இந்த அறையிலும் யாரும் கவனிக்கவில்லை.

நான் இதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் எழுதிவிட்டேன், அறிக்கை பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். நம் ஊரில் நீ ஏற்கனவே என்னால் பட்டது போதும். அந்த மைதானத்தில் நீ உட்கார்ந்திருக்கும்போது நான் சொல்லிக்கொடுத்து ஒரு கோல் விழுந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது.

என்ன செய்யட்டும்?

தம்பி

*

அக்டோபர் 24

தம்பிக்கு,

யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியும். நீ எழுதாமல் விட்டால் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதாதா?

இதைக் கேட்கத்தான் நான்கு ரூபாய்த் தபால்தலை ஒட்டினாயா? நாலாயிரம் பேருக்குக் கொடுத்த வாக்கை நான் எதற்காக மாற்றினேன்? நீ அங்கே போய்ப் பாதி வேலை பார்க்கவா? எனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். உனக்காக நான் போட்ட கையெழுத்து போதும். எனக்காக நீ எதையும் போடவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

அந்த லெஃப்ட் பேக்கை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். திரும்புகிறான் என்று தெரியும், எத்தனை நொடி என்று தெரியாது. ஒன்றரை என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று நேற்று முழுக்க டியூட்டி சார்ட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

எழுது. முழுதாக எழுது. அடியில் உன் கையெழுத்தைப் போடு.

அக்கா

*

நவம்பர் 9

தம்பிக்கு,

மூன்று கோல். மூன்றும் இடது பக்கம்.

உங்கள் குழுவில் உன்னைக் கூட்டி வரவில்லை என்று அத்தான் சொன்னார், நீ அந்த ஜன்னல் இல்லாத அறையிலிருந்தே பார்த்திருப்பாய். அதனால் உனக்குக் கோல்களைச் சொல்லத் தேவையில்லை. டி.வி.யில் தெரியாததைச் சொல்கிறேன். விசிலார் உள்ளே வந்ததும் நம் ஸ்டாண்டு முழுக்க ஊளையிட்டது. நானும் அதற்கென்றே தொண்டையைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் நம் பக்கம் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போனார். எனக்குச் சத்தம் வரவில்லை. எரிச்சலாக இருந்தது.

முதல் கோல் பத்தொன்பதாவது நிமிஷம். அந்தப் பையன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான், அவன் முதுகுக்குப் பின்னால் ஆள் போய்விட்டான். இரண்டாவது விழுந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். அணி தோற்கிறதே என்று ஆத்திரம், நிஜமான ஆத்திரம். அதற்கு நடுவில், திரும்பப் போகிறான், இதோ திரும்புகிறான் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, ஒன்றரை. நீ எழுதியது அப்படியே இருந்தது. மூன்றாவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் தவிர அந்த ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது கோல் விழுந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஐந்து மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. "அந்தப் பையன் திரும்புறான்னு நமக்கே இப்பதாங்க தெரியுது. அவனுங்களுக்கு எவன் கண்டுபிடிச்சுச் சொன்னான்?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். சுற்றிலும் சங்கத்து ஆட்கள், எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

"என் தம்பி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா